விளாவிக் குளித்த மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் வெந்நீர் போடத் தெரியாதவர் யாருமில்லை என்றுதான் அக்காவின் தலைதீபாவளி வரைக்கும் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். வெந்நீர் போடுவதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அப்பா கடலூர் நீதிமன்றத்தில் குமாஸ்தா. வக்கீல்களுக்கே யோசனை சொல்வதாக அவருக்கு ஒரு நினைப்பு. நான் ஏழாம் வகுப்பு. வெப்பம் பரவும் முறைகளைப் பற்றிய பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அக்காவோ இயற்பியல் பட்டப்படிப்பில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அதாவது, கல்யாணம் ஆகும் வரைக்கும்.

ஆவணியில் திருவந்திபுரத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சிதம்பரம். அங்கே மோட்டார் சைக்கிள் விற்கிற கடை ஒன்றில் கணக்கு வேலை. நிச்சயத்தின்போது படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "இன்னும் ஒரு வருசந்தான, அதுக்கென்ன? சிதம்பரத்துலேர்ந்தே போய் படிக்கட்டும். கடலூருக்கு பஸ்ஸா இல்ல?" என்று மாப்பிள்ளையின் அம்மா பெருந்தன்மையாகச் சொன்னார். அப்பா அந்த வார்த்தையை நீதிமன்றம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். பஸ் நிறையவே இருந்தது. அக்காதான் ஒன்றிலும் ஏறவில்லை.

முதலில் மறுவீடு, விருந்து என்று நாள் போனது. பிறகு மாமியாருக்கு முட்டிவலி. பிறகு புரட்டாசி சனிக்கிழமைத் தளிகை. அக்காவோடு படிக்கிற பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து, தீபாவளி லீவு முடிந்து கல்லூரி திறக்கிற அன்றைக்கு அக்கா வகுப்புக்கு வராவிட்டால் பேரை அடித்துவிடுவார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை அம்மா போனில் அக்காவிடம் சொன்னாள். அதற்கப்புறம் நடந்ததை நான் பெரியவளான பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் பிடுங்கி ஒட்டவைத்திருக்கிறேன்.

"நான் காலேஜுக்குப் போயே ஆவணும்மா" என்பதுதான் அக்கா சொன்னது. மாமியார் பக்கத்தில் இருந்ததால் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி அப்பாவுக்குச் சோறு போடும்போது அம்மா, "அவளுக்குப் படிப்பு ஞாபகமாவே இருக்குதுங்க" என்றாள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் மங்கலம்பேட்டையில் இருக்கிற என் தாய்மாமா. அப்பா அவருக்குப் போன் போட்டு, "புள்ள சும்மா ஒக்காந்திருக்கிறதுக்கு ஏதாச்சும் கத்துக்கிட்டா தேவலாம்னு பாக்குது மச்சான்" என்றார். சிதம்பரத்துக்கு வேறு வேலையாகப் போன மாமா சம்பந்தியம்மாளைப் பார்த்து, தன்னால் முடிந்த நயத்தோடு, "பொண்ணுக்குக் கொஞ்சம் பொழுது போவலியாங்க" என்றார். சம்பந்தியம்மாள் ஒன்றும் கெட்டவரில்லை. மறுநாளே அக்காவைத் தெருமுனையில் இருந்த தையல் வகுப்பில் சேர்த்து, அளவெடுக்கிற டேப்பும் கத்தரிக்கோலும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் தீபாவளி வந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை கடலூரை விடுவதாக இல்லை. கெடிலத்தில் வெள்ளம் வருகிறது என்றார்கள், வரவில்லை என்றார்கள். டிவியில் ஒரு வெள்ளைச் சுழி கடலுக்குமேல் சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டாசு நமுத்துவிடக் கூடாதே என்று நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைந்தேன். அப்பா வாசலுக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடந்தார். அம்மா எண்ணெய்ச் சட்டியை விட்டு வாசலுக்கு வருவாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பப் போவாள். அக்காவையும் மாப்பிள்ளையையும் சிதம்பரத்திலிருந்து அழைத்துவந்த மாமா, அழைத்துவந்த களைப்பில் முறுக்குத் தட்டைவிட்டு நகரவில்லை. மாப்பிள்ளை கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, யார் எதைக் கேட்டாலும் "பரவால்லிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காபியில் சர்க்கரை போட மறந்ததைக்கூட அவர் பரவாயில்லை என்று குடித்து முடித்தார்.

அக்கா வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை. பரணிலிருந்து தன் புத்தகப் பெட்டியை இறக்கினாள். தூசி தட்டினாள். திரும்ப ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறக்கினாள். "நல்ல நாளும் அதுவுமா ஒட்டடையில ஏண்டி கைய வக்கிற?" என்று அம்மா சத்தம் போட்டாள். அடுப்படிக்குள் அவர்கள் இருவரும் குசுகுசுவென்று பேசினது எனக்குக் கேட்டது. பண்டிகை முடியட்டும், அப்பாவிடம் சொல்லி மாமாவை விட்டுப் பேசச் சொல்கிறேன் என்றாள் அம்மா. பண்டிகை முடிந்தால் அக்கா சிதம்பரத்துக்குப் போய்விடுவாள், கல்லூரி இங்கே திறந்துவிடும். இது எனக்கே தெரிந்திருந்தது. அக்கா வெளியே வந்து என்னிடமிருந்து பட்டாசுப் பெட்டியை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் வெந்நீர்ப் பிரச்சினை வந்தது. விறகெல்லாம் தோட்டத்தில் நனைந்து ஊறிக் கிடந்தது. அம்மா சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாளைக்கு இட்லிக்கும் கறிக்குழம்புக்கும்தான் தாங்கும், வெந்நீருக்குக் கிடையாது என்றாள். புது மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெந்நீர் இல்லாமல் நின்றால் சிதம்பரம் முழுக்கச் சிரிக்கும் என்று அப்பாவுக்குப் பதற்றம். வீட்டில் ஒரு ஹீட்டர் ராடு இருந்தது. பக்கெட்டில் போட்டு ஒவ்வொரு பக்கெட்டாகக் காயவைக்கலாம்தான். ஆனால் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. பாதிப் பேர் குளித்த பிறகு நின்றுவிட்டால்?

அப்பா யோசித்தார். அவர் யோசிக்கும்போது அம்மாவுக்குப் பயமாக இருக்கும். குளியலறையில் தண்ணீர் பிடித்துவைக்கிற நீல நிற டிரம் ஒன்று உண்டு. என் கழுத்து உயரம், அடியில் குழாய் வைத்தது. கரண்ட் இருக்கும்போதே அந்த டிரம்மை மொத்தமாகக் காயவைத்துவிட்டால் அப்புறம் கரண்ட் போனால் என்ன, வந்தால் என்ன? மாமா இதைக் கேட்டுவிட்டு, "மச்சான் மூளையே மூளை" என்றார்.

டிரம்மின் வாயில் குறுக்கே ஒரு கட்டையை வைத்து ராடைத் தொங்கவிட்டார்கள். பக்கெட்டில் போட்டால் அது கிட்டத்தட்ட அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிரம்மில் மேலோடு ஒரு சாண் இறங்கியதோடு சரி. அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை, பாடம் ஒப்பிக்கிற நான் உள்பட. அக்கா பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் பரண்மேல் இருந்தாள்.

விடியற்காலையில் கரண்ட் போய்விட்டது. அப்பா அசரவில்லை. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, ராடை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் டிரம்முக்குள் ஒரு விரலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்து, "யப்பா, கொதிக்குது!" என்று உதறினார். மாமா எட்டிப் பார்த்து, "என்னா ஆவி! கோழிய முக்குனா றெக்க கழண்டுடும் மச்சான்" என்றார். அம்மா ஒரு விரல். நான் ஒரு விரல். வெப்பச்சலனம் நன்றாக நடந்திருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன். சூடு போய்விடாமல் இருக்க அம்மா டிரம்மை மூடிவைத்தாள்.

முதல் குளியல் மாப்பிள்ளைக்கு. தலையில் எண்ணெய் வழிய அவர் உள்ளே போனதும் அப்பா கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். "மாப்ள, மூடியத் தெறக்காதீங்க, ஆவி அடிச்சிடும். கீழ கொழாயிலயே புடிச்சுக்கிங்க. சூடு ஜாஸ்தி. பக்கத்துல பச்சத் தண்ணி வச்சிருக்குது, பாத்து விளாவிக்கிங்க."

உள்ளேயிருந்து முதல் சொம்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து இரண்டாவது சொம்பு. கூடவே பல்லிடுக்கில் காற்றை இழுக்கிற சத்தம். அப்பா எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "சூடு தாங்கல" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உரக்க, "மாப்ள, விளாவுனீங்களா?"

"விளாவிட்டேன் மாமா" என்று குரல் நடுங்கி வந்தது.

வெளியே வந்தபோது அவர் உதடு கருத்திருந்தது. துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டிருந்தார். தண்ணீர் எப்படி என்று அம்மா கேட்டாள். "பரவால்லிங்க அத்த. நல்லாருந்துச்சு" என்றார். இந்த மாதிரி வெந்நீர்க் குளியல் சிதம்பரத்தில் கிடைக்குமா என்று மாமா கேட்டார். கிடைக்காது என்று மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார்.

அடுத்தது அக்கா. என் தலையையும் அவளே தேய்த்துவிடுவதாகச் சொல்லி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு டிரம்மின் மூடியைத் திறந்தாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. மேலே விரலால் தொட்டு வெடுக்கென்று எடுத்தாள். மறுபடி குனிந்து குழாய்த் தண்ணீரைத் தொட்டாள்.

"அடிப்பாவி! பச்சத் தண்ணியிலயா குளிச்சாரு அந்த மனுசன்?"

வாயைப் பொத்திக்கொண்டு அக்கா சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ரோஷம் வந்தது. மேலே கொதிக்கிறதே, கீழே எப்படிப் பச்சையாக இருக்கும், வெப்பச்சலனம் இல்லையா என்று சண்டைக்குப் போனேன்.

"சூடான தண்ணி லேசாயிடும்டி. லேசானது மேல ஏறும், மேல இருக்கிற குளிர்ந்த தண்ணி கீழ எறங்கும், அது சூடாயி திரும்ப ஏறும். அதான் சலனம். ராடை மேலயே தொங்க வுட்டா, சூடானது எங்க ஏறும்? அங்கியே நின்னு கொதிச்சிக்கிட்டு இருக்கும். கீழ இருக்கிறதுக்கு மேல நடக்கிற சேதியே தெரியாது."

"அப்ப கடத்தல்?"

"தண்ணி மோசமான கடத்தி. கடத்தலுன்னா எடத்த வுட்டு நவுறாம, பக்கத்துல இருக்கிறதுக்குக் கை மாத்தி வுடறது. அது அடுத்ததுக்கு. அது அதுக்கடுத்ததுக்கு. கை மாற மாற ஆறிப்போயி, அடிக்கு வர்றதுக்குள்ள..."

அதோடு நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் டிரம்மைப் பார்க்கவில்லை, குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து பக்கெட் நிரம்பி வழிந்தது. நான்தான் நிறுத்தினேன்.

"அக்கா, தலைக்கு ஊத்து."

அவள் காதில் விழவே இல்லை. கட்டையை எடுத்து டிரம்முக்குள் விட்டு, அடி வரைக்கும் ஒரு தரம் பலமாகக் கலக்கினாள். "இப்ப ஊத்திக்கோ, பதமா இருக்கும்" என்றாள். எண்ணெய்த் தலையோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் ஊற்றிக்கொள்வேனா? பின்னாலேயே ஓடினேன். தீபாவளிக் காலையில் குளிக்காமல், எண்ணெய் நெற்றியில் வழிய, ஈரமான சேலைக் கரையோடு அவள் கூடத்துக்கு நடுவில் போய் நின்றாள். "குளிக்காம எங்கடி வர்ற?" என்று அம்மா பதறினாள். அக்கா மாப்பிள்ளையைத்தான் பார்த்தாள்.

"தண்ணி சூடா இருந்துச்சா?"

"நல்லாருந்து..."

"உண்மையச் சொல்லுங்க."

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அக்காவைப் பார்த்தார். "சில்லுன்னு இருந்துச்சு" என்றார். "எல்லாரும் கொதிக்குது கொதிக்குதுன்னு சொன்னாங்க. எனக்குத்தான் ஒடம்பு சரியில்லியோன்னு நெனச்சேன். மாமா சொன்னாரேன்னு விளாவியும் குளிச்சேன்."

பச்சைத் தண்ணீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் குளித்திருக்கிறார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லல. நானும் ஒண்ணு சொல்லல" என்றாள். "நான் காலேஜுக்குப் போவணும். லீவு முடிஞ்சி தெறக்கிற அன்னிக்கிப் போவலன்னா பேர அடிச்சிடுவாங்க. எனக்குத் தையல் வேணாம்."

"தையல் க்ளாஸு நீ கேட்டேன்னுதான எங்கம்மா சேத்தாங்க?"

"நான் கேட்டது காலேஜு."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமாவுக்குப் பார்க்க ஆள் இல்லாததால் முறுக்குத் தட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்து, டிவியில் புயல் சுற்ற ஆரம்பித்தது. யாராவது அதை நிறுத்தினால் தேவலை என்று இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்பாதான் முதலில் தொண்டையைச் செருமினார். "மாப்ள, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. மச்சான வுட்டு சம்பந்தியம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லச் சொல்றேன்" என்றார்.

மாப்பிள்ளை தும்மினார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, பரவாயில்லை என்று சொல்லாமல் ஒரு பதில் சொன்னார்.

"வேணாம் மாமா. நானே போயி சொல்றேன். சொல்லி அனுப்புனா அது தையல் மிஷினா வந்து நிக்கும்."

எனக்கு அந்த மனிதர்மேல் பிரியம் வந்தது அப்போதுதான். அவர் சொன்னதில் பாதி புரியாவிட்டாலும், வீட்டுக்குத் தையல் மிஷின் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் கொஞ்ச நாள் இருந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் எங்கள் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். லீவு முடிந்த அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போனாள். அந்த வருடம் முழுக்க எங்களோடுதான் இருந்தாள், படித்து முடித்தாள். சிதம்பரத்துச் சம்பந்தியம்மாள் அப்பாவின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கல்யாணம் ஆன பெண்ணைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்து, விட்டதையும் தானே தன் வாயால் சொன்ன மகனோடும் பல மாதங்கள் பேசவில்லை என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, அம்மா கேட்காமலேயே மறுசோறு போடுவாள். அவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. என் மனதில் நிற்பது அவர் ஊருக்குத் தனியாகக் கிளம்பிய நாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். மழை ஒருவழியாக விட்டு, சுளீரென்று வெயில் அடித்தது. அப்பா பஸ்ஸுக்குள் ஏறி இடம் பிடித்துக் கொடுத்தார், இறங்கினார், தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினார், கொடுத்துவிட்டு இறங்கினார். மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய அம்மாவுக்கென்று என் அம்மா கட்டிக் கொடுத்த அதிரசப் பொட்டலம். அதன்மேல் வைத்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பொட்டலத்தின் காகிதம் சரசரவென்று சத்தம் போட்டது.

எனக்குப் பாவமாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பி, "இன்னும் குளுருதா மாமா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து கையைப் பார்த்துக்கொண்டார். "ஆமா" என்றார். "கொஞ்சம்."

பஸ் போய்விட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, அன்றைக்குக் குளித்த தண்ணீரின் குளிர் மாப்பிள்ளை மாமாவுக்கு இன்னும் போகவில்லை, கையெல்லாம் நடுங்குகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். அம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புத்தகப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வாசல் வரைக்கும் போனாள். பஸ் போன திசையில் தெருவைப் பார்த்தாள்.

"அது தண்ணிக் குளிரு இல்லடி" என்றாள்.

வேறு எந்தக் குளிர் என்று கேட்டேன். அவள் புத்தகப் பெட்டிக்குத் திரும்பிவிட்டாள். வெளியே அப்படி ஒரு வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.